மறு: காட்சிப் புதினமா, கதையாட்டமா?

வணக்கம்.

விஷுவல் நாவலுக்கு, அதாவது படமும் ஒலியும் சேர்த்துத் திரையில் படிக்கும் கதை விளையாட்டுக்கு, தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற இந்த இழையின் எல்லா மடல்களையும் வார இறுதியில் வேளச்சேரி ரயிலில் உட்கார்ந்து படித்தேன். என் பங்கு இது.

> காட்சிப் புதினம் என்றே வைத்துவிடலாம், விஷுவல் நாவலுக்கு நேர்ச்சொல்.

ஐயா, யாழ்ப்பாணத்தில் புதினம் என்றால் செய்தி. "என்ன புதினம்?" என்றுதான் அங்கே பேச்சைத் தொடங்குவார்கள். காட்சிப் புதினம் என்றால் அவர்களுக்கு டிவி நியூஸ். சொல் கும்மிடிப்பூண்டியோடு நின்றால் போதுமா?

> கதையாட்டம்? கரகாட்டம், மயிலாட்டம் போல நாக்கில் நிற்கும்.

நிற்கும்தான். ஆனால் இந்த விவாதத்தைக் கிளப்பிய ஸ்டைன்ஸ் கேட் என்ற ஜப்பானிய விஷுவல் நாவலையே எடுத்துக்கொள்வோம். 2009 அக்டோபரில் ஜப்பானில் எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுக் கருவிக்கு வந்தது. ஆங்கிலத்தில் கணினிக்கு வர 2014 ஆயிற்று. டோக்கியோவின் அகிஹபாராவில், நம் ரிச்சி தெரு போன்ற மின்னணுக் கடைப் பேட்டையில், ஒரு மைக்ரோவேவ் அடுப்பு நேற்றைக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறது. கதையையும் பாத்திரங்களையும் விமர்சகர்கள் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். திரும்பத் திரும்ப வந்த குறை, தொடக்கம் ஆமை வேகம் என்பது. ஆடுகிறவர் கையில் இருப்பது ஒரு கைபேசி மட்டுமே. எந்த மடலுக்குப் பதில் போடுகிறோம், எதை விட்டுவிடுகிறோம் என்பதை வைத்து முடிவு மாறும். எந்தப் பதில் எங்கே திருப்பியது என்பதுகூடச் சட்டென்று பிடிபடாது. மற்றபடி படிக்க வேண்டியதுதான், மணிக்கணக்காக. இதற்கு ஆட்டம் என்று பெயர் வைத்தால் "ஆட்டம் எங்கேய்யா?" என்று கேட்பவன் மேல் தப்பில்லை. நாவல் என்று எடுத்தவன் முதல் நூறு பக்கத்தைப் பொறுத்துக்கொள்வான். பெயரே பாதி விமர்சனத்தை எழுதிவிடுகிறது.

> வாசகர் தேர்ந்தெடுப்பதால் தேர்கதை.

மயிலாப்பூரில் குடியிருப்பவனிடம் சொல்லாதீர்கள். பங்குனித் தேர்தான் கண்ணில் வருகிறது.

கிளைக்கதையும் ஆகாது. பாரதத்து நளன் கதைக்கு அந்தப் பெயரை எப்போதோ கொடுத்தாயிற்று. தவிர, ஹிகுராஷி என்ற இன்னொரு ஜப்பானிய விஷுவல் நாவலின் முதல் வடிவத்தில் தேர்வும் இல்லை, கிளையும் இல்லை. ஆனாலும் அது இந்த வகைதான்.

நான் வைப்பது: காண்கதை. ஊறுகாய் போல வினைத்தொகை. கண்ட கதை, காண்கின்ற கதை, காணும் கதை, மூன்றும் உள்ளே ஒளிந்திருக்கின்றன. காலப்பயணக் கதைக்கு இதைவிடப் பொருத்தம் கிடைக்குமா என்று கொஞ்சம் பெருமைப்பட்டும் கொண்டேன். படிப்பது இதில் எங்கே என்று கேட்பீர்கள். கதை என்ற சொல்லிலேயே கேட்பதும் படிப்பதும் அடங்கும். வானொலியில் திரைப்படத்தின் ஒலியை மட்டும் போட்டு ஒலிச்சித்திரம் என்றார்கள். சித்திரம் எங்கே என்று யாரும் சண்டைக்குப் போகவில்லை.

இழையில் கிடந்த இன்னொரு சொல் டிஸ்டோபியா, எல்லாம் கெட்டுப்போன கற்பனை உலகம். அதற்குக் கேடுலகு போதும். தீயுலகு என்றால் நெருப்பு என்று படிப்பார்கள்.

மிச்சம் இருப்பது டி-மெயில், ஸ்டைன்ஸ் கேட்டில் நேற்றைக்குப் போகும் அந்தக் குறுஞ்செய்தி. முன்மடல் என்று எழுதிப் பார்த்தேன், மாட்டிக்கொண்டேன். முன்னோர் கடந்த காலத்தில் இருக்கிறார்கள், முன்னேற்றமோ எதிர்காலத்தில். அந்த மடல் எந்தப் பக்கம் போகிறது? பின்மடலிலும் இதே வம்பு.

கணிமைக்காரர்களுக்கு ஒரு கொசுறு. கதைப்படி அந்தச் செய்திக்கு 36 பைட்டுதான் இடம், அதுவும் மூன்று துண்டாகப் போகும். ஜப்பானியருக்கு அது 18 எழுத்து. யுடிஎஃப்-8 என்ற கணினி எழுத்துமுறையில் நமக்குக் குறியீட்டுக்கு, அதாவது 'ந' போன்ற எழுத்துக்கோ கால், கொம்பு, புள்ளிக்கோ, 3 பைட்டு. 12 குறியீட்டோடு சரி. "நேற்று வராதே" என்பது இடைவெளியோடு 34 பைட்டு, தப்பித்தது. ஆனால் 12 பைட்டாக வெட்டினால் 'ர' நடுவில் உடைகிறது: இரண்டு பைட்டு இரண்டாம் துண்டில், ஒன்று மூன்றாவதில். நேற்றைக்குப் போய்ச் சேர்வது எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள்.

முன்மடலுக்கு மாற்று தோன்றினால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.