காசிமேட்டில் படகு வேலைக்குத் தாங்கும் கிரைண்டர் எது?

வணக்கம் நண்பர்களே. சென்னை காசிமேட்டில் ஃபைபர் படகு பழுது பார்க்கிறேன். ஃபைபரை அறுக்க, தேய்க்கக் கையில் பிடித்து ஓட்டும் 4 இஞ்ச் ஆங்கிள் கிரைண்டர் தினமும் ஐந்தாறு மணி நேரம் ஓடும். இரண்டு வருடத்தில் மூன்று மெஷின் போய்விட்டது.

கடைசியாகப் போனதை நானே பிரித்துப் பார்த்தேன். மோட்டாரின் சுழலும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் பாதிதான் தேய்ந்திருந்தது, ஆனால் அந்தச் சுழலும் பகுதியான ஆர்மேச்சரின் கம்பிச்சுருள் மேல் பூச்சு முழுக்க அரித்துப்போயிருந்தது. கண்ணாடி இழைத் தூள் காற்றுத் துளை வழியாக உள்ளே போய் மணல் காகிதம் மாதிரி தேய்க்கிறது. போதாததற்கு உப்புக்காற்று. பேரிங்கும் இறுகிவிட்டது. வெளி உடம்பு மட்டும் புதுசு போலவே இருந்தது, அதைப் பார்த்தபோது மனசு கஷ்டமாகிவிட்டது.

பாஷ், மகிதா, டிவால்ட் மூன்றில் எதையாவது ஃபைபர் வேலையில் ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டியவர்கள் சொல்லுங்கள். பிரஷ்லெஸ் வாங்கினால் பிரஷ் மாற்றும் வேலை இல்லை, சரி. ஆனால் உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு இந்தத் தூளைத் தாங்குமா?

அப்புறம், ஒரிஜினல் ஆர்மேச்சர் பாரிமுனையில் எந்தத் தெருவில் நம்பி வாங்கலாம்? ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் நல்ல சர்வீஸ் மெக்கானிக் இருந்தாலும் சொல்லுங்கள். அடுத்த வாரம் ஒரு படகு கரையேறுகிறது, அதற்குள் வாங்கியாக வேண்டும்.