டிக்கட்டில் இருக்கிற நேரமும் வீட்டிலிருந்து எடுக்கிற நேரமும்

ஹட்டன் பக்கத்திலிருந்து:

தங்கச்சி துபாய்க்குப் போனபோது ஏர்போர்ட் வரை கூடப் போனேன். கட்டுநாயக்கவிலிருந்து துபாய் ஏறக்குறைய 3,300 கிலோமீட்டர், பறக்க நாலரை மணித்தியாலம். ஹட்டனிலிருந்து கட்டுநாயக்க 130 கிலோமீட்டருக்குக் கிட்டத்தான். ஆனால் கினிகத்தேனை வளைவுகளும் கித்துல்கலை மழையும் சேர்ந்தால் வேனுக்கும் அதே நாலரை மணித்தியாலம் பிடிக்கும். அவிசாவளை தாண்டித்தான் கொஞ்சம் வேகம் எடுக்கலாம். மூன்று மணித்தியாலத்துக்கு முன்பே உள்ளே போக வேண்டும் என்பதால், காலை பத்து மணி பிளைட்டுக்கு இரவு இரண்டு மணிக்கே வெளிக்கிட்டோம். மண்சரிவு எச்சரிக்கை இருக்கிற நாட்களில் முதல் நாளே இறங்கி நீர்கொழும்பில் தங்கிவிடுவது நல்லது.

முக்கியமான விஷயம் இதுதான். பத்துக்கு ஏறி ஒரு மணிக்கு இறங்கும் என்று டிக்கட்டில் இருந்தது. அம்மா அதை மூன்று மணித்தியாலப் பயணம் என்றே எடுத்துக்கொண்டார். துபாய் நேரம் நம்மைவிட ஒன்றரை மணித்தியாலம் பின்னுக்கு. அங்கே ஒரு மணி என்றால் இங்கே இரண்டரை. இறங்கி, குடிவரவு வரிசை முடிந்து தங்கச்சி கோல் எடுக்கும்வரை அம்மா லயத்து வாசலை விட்டு அசையவே இல்லையாம், சோறும் சாப்பிடவில்லையாம். முதல் தடவை பிள்ளையை அனுப்புகிற வீட்டில் இந்த நேரக் கணக்கை யாராவது உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள்.

பண்டாரவளையிலிருந்து:

மகன் லண்டனில். நேரடி விமானம் என்றால் சுமார் 8,700 கிலோமீட்டர், பதினொரு மணித்தியாலம். திரும்பி வரும்போது கொஞ்சம் குறையும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கிற காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது. நம்ம கோச்சி (ரயில்) கொழும்புக் கோட்டைக்குப் போகவே எட்டு, ஒன்பது மணித்தியாலம் எடுக்கும், அது தனி.

வயசானவர்களை அனுப்புகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தோஹா வழியாக டிக்கட் மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் ஐந்து மணித்தியாலம் பறந்து, இறங்கிக் காத்திருந்து, பிறகு ஏழு மணித்தியாலம். முழங்கால் வலியோடு அந்தப் பெரிய ஏர்போர்ட்டில் என் மனைவி பட்ட பாடு போதும். காசு கூடினாலும் நேரடியாக அனுப்புங்கள். சக்கர நாற்காலியை டிக்கட் போடும்போதே கேட்டுவிடுங்கள்.

தலவாக்கலையிலிருந்து:

எங்களுக்குத் தூரம் என்றால் தமிழ்நாட்டு நீலகிரியில் இருக்கிற கோத்தகிரி. மலையக மக்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி பெரியம்மா குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறிப் போனது. இப்போது கொழும்பிலிருந்து சென்னைக்கு 700 கிலோமீட்டர்கூட இல்லை, ஒன்றரை மணித்தியாலத்துக்குள் இறங்கிவிடலாம். அதை நம்பி லீவு எடுக்க வேண்டாம். சென்னையில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்து, விடிய மேட்டுப்பாளையத்தில் இறங்கி, மலைக்கு பஸ் ஏற வேண்டும். இங்கே மலை இறங்குவது, அங்கே மலை ஏறுவது, இரண்டும்தான் நேரத்தைத் தின்கிறது. போக வர இரண்டு முழு நாளாவது வையுங்கள். கையில் காசு இருந்தால் சென்னையிலிருந்து கோயம்புத்தூருக்கு இன்னொரு விமானம் எடுக்கலாம், ஒரு இரவு மிச்சம். பெரியம்மாவோடு அந்த இரவும் இருக்கக் கிடைத்தால் எனக்கு அந்தக் காசு பெரிதில்லை.