வருமான வரிக் குறைப்பு: நடுத்தர வருவாய் உள்ளவரின் சுமை உண்மையில் குறைகிறதா?

கேள்வி:
வரி விகிதம் குறைக்கப்படும்போதெல்லாம் நடுத்தர வருவாய் உள்ளவர்களுக்குப் பெரும் நிவாரணம் என்று செய்தி வருகிறது. ஆனால் சில ஆண்டுகளிலேயே சம்பளத்தில் பிடிக்கப்படும் தொகை முன்பைவிடக் கூடிவிடுகிறது. இது சம்பள உயர்வின் இயல்பான விளைவா, அல்லது குறைப்பு பெயரளவில் நின்றுவிடுகிறதா? கணக்கோடு விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
விகிதத்தை மட்டும் பார்த்தால் விடை கிடைக்காது. விலக்கு வரம்பு, அதாவது எந்த அளவு வருவாய் வரை வரி இல்லையோ அந்த அளவு, விலைவாசியோடு சேர்ந்து உயர்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஆண்டு வருவாய் 5,00,000, வரம்பு 3,00,000, விகிதம் 20 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். வரம்புக்கு மேலுள்ள 2,00,000க்கு வரி 40,000, அதாவது மொத்த வருவாயில் 8 விழுக்காடு. விலைவாசி 10 விழுக்காடு ஏற, சம்பளமும் அதே அளவு ஏறி 5,50,000 ஆகிறது. வாங்கும் சக்தியில் மாற்றம் ஏதுமில்லை. வரம்பை அசைக்காமல் விகிதத்தை மட்டும் 19 ஆகக் குறைத்தால் வரி 47,500 ஆகும். இது வருவாயில் 8.6 விழுக்காட்டுக்கும் மேல். விகிதத்தைத் தொடாமல் வரம்பை 3,30,000 ஆக உயர்த்தியிருந்தால், பங்கு அதே 8 விழுக்காட்டில் நின்றிருக்கும். அமெரிக்கக் கூட்டரசு 1985 முதல் வரம்புகளை விலைவாசியோடு இணைத்துள்ளது. பிரிட்டனிலோ 12,570 பவுண்டு என்ற வரம்பு 2021 முதல் உயர்த்தப்படவே இல்லை. இப்படி வரம்பை முடக்கிவைப்பது, சட்டமன்றத்தில் விவாதிக்கப்படாமலேயே நடக்கும் வரி உயர்வு என்பது என் உறுதியான கருத்து.

பதில் 2:
இழந்த வருவாயை அரசு எங்கே ஈடுகட்டுகிறது என்பதையும் கேட்க வேண்டும். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலம் 2012இல் வருமான வரியைப் பெருமளவு குறைத்தது. நிதிப் பற்றாக்குறை நெருக்கியதும் 2015இல் விற்பனை வரியை 6.15 விழுக்காட்டிலிருந்து 6.5 ஆக உயர்த்தியது. சம்பாதிப்பதில் பெரும்பகுதியைச் செலவழித்தே தீர வேண்டியவர்களை விற்பனை வரிதான் அதிகம் அழுத்தும். வருமான வரி வரம்புக்குக் கீழே இருப்பவருக்கோ குறைப்பால் நேரடியாக எதுவும் கிடைப்பதில்லை, கூடுதல் விற்பனை வரி மட்டும் வந்து சேர்கிறது.

பதில் 3:
இருவர் கூறியதும் சரியே. ஆனாலும் எல்லாக் குறைப்பும் ஏமாற்று என்று முடிவு செய்துவிட வேண்டாம். அமெரிக்காவின் 2017ஆம் ஆண்டுச் சட்டம், தனிநபருக்கான நிலையான கழிவை (வரி கணக்கிடும் முன் வருவாயிலிருந்து கழிக்கப்படும் தொகையை) 6,350 டாலரிலிருந்து 12,000 ஆக உயர்த்தியது. கூடவே 4,050 டாலர் தனிநபர் விலக்கை நீக்கியதால், உண்மையான கூடுதல் 1,600 டாலர் மட்டுமே. ஆயினும் விகிதங்களும் குறைந்ததால், நடுத்தரக் குடும்பங்களில் பெரும்பாலானவை தொடக்க ஆண்டுகளில் முன்பைவிடக் குறைவாகவே வரி செலுத்தின. உங்கள் நிலையை அறிய, ஒவ்வோர் ஆண்டும் கட்டிய மொத்த வருமான வரியை அந்த ஆண்டின் மொத்த வருவாயால் வகுத்து, அந்த விகிதங்களை வரிசையாக ஒப்பிட்டுப் பாருங்கள்.