மறு: நாய்களின் விழித்திரை நோய்க்கு ஒரு சொல்

வணக்கம் நண்பர்களே,

> புரோகிரசிவ் ரெட்டினல் அட்ரோபி: ‘படிமுறை விழித்திரைச் செயலிழப்பு’ பொருந்துமா?

பொருந்தும். நாயின் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பறிக்கும் நோய்தானே. ஆனால் இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் என் பாட்டியிடம் சொல்லிப் பார்த்தேன். “அது எந்த ஆபீஸ்?” என்றார்.

எங்கள் டாய் பூடில் நாய்க்கு இந்த நோய்தான். நான்கு வயது. பொழுது சாய்ந்தால் வாசற்படி இறங்காது. முன்காலை நீட்டிக் காற்றைத் துழாவிவிட்டுப் பின்வாங்கும். டார்ச் அடித்தாலும் கண்மணி விரிந்தே கிடக்கும், உள்ளே பளபளவென்று மினுங்கும். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் லயத்துப் பிள்ளைகளிடம் இதைப் பார்த்த பாட்டி, ‘மாலைக்கண்’ என்று சொல்லி முருங்கைக்கீரையைச் சோற்றில் பிசைந்து வைத்தார். அந்தச் சொல்லை நான் தவிர்ப்பது இதனால்தான். வைட்டமின் ஏ குறைவென்றால் கீரைக்குக் கேட்கும். இது மரபணுப் பிழை. முதலில் மங்கிய வெளிச்சத்துக்கான கோல் செல்கள் சாகும், அப்புறம் பகலுக்கான கூம்பு செல்கள். வலியே இருக்காது.

‘செயலிழப்பு’ எனக்கு ஒட்டவில்லை. விழித்திரை கழன்று ஒரே நாளில் பார்வை போனாலும் அதுவும் செயலிழப்புதான். ‘சிதைவு’ அடிபட்டது போல ஒலிக்கிறது. என் ஓட்டு ‘தேய்வு’க்கு. நிலா ஒரே இரவில் தேய்ந்து அமாவாசை ஆவதில்லை. ‘படிமுறை’ அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மூட்டுத் தேய்மானம் போலக் கிழட்டு நாய்க்கு வருவது என்று நினைத்துவிடுவார்களே? சரி, முன்னால் ‘பரம்பரை’ சேர்ப்போம்: பரம்பரை விழித்திரைத் தேய்வு. ‘மரபுவழி’ ஏட்டுக்கு அழகு. நோய் என்று வந்தால் எங்கள் ஊரில் ‘பரம்பரை’தான் வாயில் வருகிறது.

‘கேரியர்’ (carrier) என்பதற்குத் தமிழ் தேடுவதுதான் பெரிய தலைவலி. பூடில், லாப்ரடார் போன்ற பல இனங்களில் வரும் ஒரு வகைக்கான மரபணுத் திரிபு 2006இல் கண்டறியப்பட்டது. தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் திரிபு வந்தால்தான் கண் போகும். ஒன்று மட்டும் வாங்கிய நாய்தான் கேரியர். அது நன்றாகவே பார்க்கும், ஆனால் குட்டிக்குக் கொடுத்துவிடலாம். அப்படிப்பட்ட இரண்டு சேர்ந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் கண் போக நான்கில் ஒரு வாய்ப்பு. கேரியரைக் ‘கடத்தி’ என்றால் போலீஸ் வரும். இலங்கை நண்பர்களின் ‘காவி’ எங்களுக்கு வேட்டி நிறம். இப்போதைக்குச் ‘சுமப்பி’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.

எங்களுக்குக் குட்டி விற்றவர், “தாய் தகப்பன் ரெண்டுக்கும் கண்ணு நல்லா இருக்கு” என்றார். பொய் சொல்லவில்லை. இரண்டும் சுமப்பிகளாக இருந்திருக்கும்.