பம்ப் போச்சு எண்டு சொல்லமுதல்

உரும்பிராயிலிருந்து, பெக்கோ ஓட்டுபவர்:

தை மாதம் ஒரு வீட்டு அத்திவாரம் வெட்டிக்கொண்டு நிக்கேக்க என்ர பெக்கோ கூவத் தொடங்கினது. காலமை ஸ்ரார்ட் பண்ணின உடன, மண் அள்ளுற கையை ஒயில் அமுக்கத்தால தூக்கிற ஹைட்ரோலிக் பம்புப் பக்கம் ஒரே சத்தம். கை விட்டு விட்டுத்தான் எழும்பும். ஒரு மணித்தியாலம் ஓடிச் சூடேறினால் கொஞ்சம் தேறும். அக்சிலேட்டரைக் கூட்டினால் சத்தம் கூடுமே தவிர வேகம் கூடாது. வந்து பார்த்த மெக்கானிக் காதைக் குடுத்துக் கேட்டிட்டு “பம்ப் போச்சு” எண்டார். பழைய பம்ப் ஒண்டுக்கே நாலு லட்சம் சொன்னார். வீட்டில சங்கிலியை அடகு வைக்கிற கதை வந்திட்டுது.

கடைசியாக் கோண்டாவிலிலிருந்து ஒரு வயசான ஐயாவைக் கூட்டி வந்தன். அவர் ஸ்பானரைத் தொடவே இல்லை. “தம்பி, காலமையோ மோசம், மத்தியானமோ மோசம்?” எண்டு கேட்டார். காலமை எண்டன். “அப்ப பம்பில கை வையாத. தாங்கியைத் திற.”

ஒயில் இழுக்கிற குழாயின்ர வாயில இருக்கிற கம்பி வலையை வெளியில எடுத்தம். வலையே தெரியேல்லை. சாம்பல் நிறத்தில பஞ்சு, விரல் நகத்தால கிளப்ப ஒரு துண்டாக் கழண்டு வந்தது. அதுக்குள்ள நீல நூல். என்னட்ட வேலை செய்யிற பெடியன் ஒயில் விடேக்க பழைய சாரத்தால வடிச்சு விட்டிருக்கிறான். சுத்தமா இருக்கட்டும் எண்டுதான் செய்தவன்.

ஐயா சொன்னதை அப்பிடியே எழுதுறன். பம்ப் தேய்ஞ்சிருந்தால் உள் இடைவெளி கூடியிருக்கும். ஒயில் குளிரா, தடிப்பா இருக்கேக்க சமாளிக்கும். சூடாகி இளகினதும் உள்ளுக்குள்ளேயே பின்னால வழுகும், மத்தியானம் பெலன் குறையும். இழுக்கிற பக்கம் அடைப்பெண்டால் மற்றப் பக்கமா நடக்கும். தடிச்ச ஒயில் காலமை வலைக்குள்ளால வராது. பம்ப் பட்டினி கிடக்கும், ஒயிலுக்குள்ள ஆவிக் குமிழி உண்டாகி அமுக்கப் பக்கம் போனதும் உடையும். அந்தக் குமிழி உடையிற சத்தம்தான் நான் கேட்டது. அதே அடி உலோகத்தையும் கொத்தும். இன்னும் ஒரு மாதம் ஓட்டியிருந்தால் பம்ப் உண்மையாவே போயிருக்கும்.

துணியால வடிக்கிறது எங்கட ஊரில எங்கயிருந்து வந்த பழக்கம் எண்டும் சொன்னார். தொண்ணூறுகளில, பொருளாதாரத் தடைக்குள்ள, மோட்டச்சைக்கிளை மண்ணெண்ணெயில ஓட்டின காலம். ஒழுகின ஒயிலைச் சட்டியில ஏந்தி, சாரத்தால வடிச்சுத் திரும்ப விட்டுத்தான் மிசின் ஓடினது. “அண்டைக்கு வேற வழி இல்லை. இண்டைக்கு பில்ரர் கடையில கிடக்கு” எண்டார். அதைச் சொல்லேக்க அவர் அந்தப் பஞ்சைக் கையில வச்சுப் பார்த்துக்கொண்டு நிண்டார்.

வலையைக் கழுவி, தாங்கியைத் துடைச்சு, பில்ரர் மாத்தி, புது ஒயில் விட்டம். அடுத்த நாள் காலமை சத்தம் இல்லை.

சுன்னாகத்திலிருந்து, ட்ரக்டர் கராஜ்:

எனக்கு வாறதில பாதி “ஒயில் பால் மாதிரி ஆயிட்டுது” எண்டு வாறதுதான். அது காத்தா தண்ணியா எண்டு பிரிச்சுப் பார்க்காமல் ஒண்டையும் கழட்டாதேங்கோ. ஒரு கண்ணாடிப் போத்திலில பிடிச்சு அசையாமல் வையுங்கோ. காத்தெண்டால் கொஞ்ச நேரத்தில அடியிலிருந்து மேல தெளிஞ்சுகொண்டு வரும். தண்ணியெண்டால் அடுத்த நாளும் கலங்கலாக் கிடக்கும், இல்லாட்டித் தண்ணி அடியில தனியா நிக்கும். சூடான தகட்டில ஒரு சொட்டு விட்டால் தண்ணி உள்ள ஒயில் படபடவெண்டு பொரியும். தள்ளி நிண்டு, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுச் செய்யுங்கோ.

தண்ணியெண்டால் ட்ரக்டரில நான் முதல் பார்க்கிறது கியர் தடியின்ர அடி றப்பர். கன ட்ரக்டரில கியர்பெட்டிக்கும் கலப்பை தூக்கிறதுக்கும் ஒரே ஒயில்தான். மாரியில முத்தத்தில விட்டால் வெடிச்ச றப்பருக்குள்ளால மழை நேர இறங்கும்.

காத்தெண்டால் பம்புக்குப் போற குழாயின்ர இணைப்பு. அந்த இடத்தில ஒயில் ஒழுகாது, காத்தை உள்ளுக்கு இழுக்கும். அதாலதான் ஆக்கள் அதைத் தவறவிடுகினம். மிசின் ஓடேக்க, சுழலிற பாகத்துக்குக் கை போகாமல், ஒவ்வொரு இணைப்பிலயும் கிறீஸ் அப்பிப் பாருங்கோ. எந்த இடத்தில சத்தம் மாறுதோ அங்கதான் பிழை.

றிலீஃப் வால்வை, அதுதான் அமுக்கம் மிஞ்சினால் ஒயிலைத் திருப்பி விடுற வால்வை, திருகாதேங்கோ எண்டு கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கிறன். பம்ப் தள்ளுறது ஒயிலை மட்டும்தான். பாரம் எதிர்க்கேக்கதான் அமுக்கம் வரும். வேகம் குறைஞ்ச மிசினுக்கு வால்வை இறுக்கிறதால வேகம் வராது, ஹோஸ்தான் வெடிக்கும். ஒரு அமுக்கமானி வாங்கி வச்சிருங்கோ.

பருத்தித்துறையிலிருந்து:

கடக்கரையில வேலை செய்யிறவைக்கு ஒரு விசயம். என்ர லோடரில சிலிண்டர் சீல், அதுதான் ஒயில் ஒழுகாமல் தடுக்கிற வளையம், மாத்தி ரெண்டு கிழமையில திரும்ப ஒழுகினது. மூண்டாந்தரம் சிலிண்டர் தண்டை நகத்தால தடவிப் பார்த்தன். வெள்ளிமாதிரி மினுங்கிற தண்டில ஊசிக்குத்துப் போல உப்புத் தின்ற புள்ளிகள், நகம் தட்டுப்பட்டது. ஒவ்வொருக்காத் தண்டு போய் வரேக்கயும் அந்தப் புள்ளி அரம் மாதிரிச் சீலை அராவும். தண்டுக்குத் திரும்பக் குரோம் பூசினதுக்குப் பிறகுதான் நிண்டது. இப்ப வேலை முடிஞ்சால் ஏலுமான தண்டுகளை உள்ளுக்கு இழுத்துத்தான் நிப்பாட்டுறன். வெளியில நிக்கிறதுக்குக் கிறீஸ் பூசுவன்.

தூக்கி வச்ச வாளி தன்பாட்டில இறங்கினால் எல்லாரும் பிஸ்ரன் சீலைத்தான் சொல்லுவினம். பாரம் தண்டை உள்ளுக்குத் தள்ளுற சிலிண்டரில கணக்கு வேற. அடிப்பக்க ஒயில் சீலைத் தாண்டித் தண்டுப் பக்கம் போனாலும் அங்க தண்டும் இடம் பிடிச்சு நிக்கிறதால முழுக்கக் கொள்ளாது. வெளியில வழி இல்லாட்டிப் பூட்டுப்பட்டுத்தான் நிக்கும். அதால சிலிண்டருக்கு ஒயிலைத் திறந்து பூட்டுற கொன்ட்ரோல் வால்வை முதல் பாருங்கோ. வாளிக்குக் கீழ ஆள் நிக்கக் கூடாது, முட்டுக் குடுத்திட்டுத்தான் கிட்டப் போகோணும்.

கோப்பாயிலிருந்து:

என்ர தம்பி மாதிரி ஒரு பெடியன், ஹோஸில எங்க ஒழுகுது எண்டு விரலால தடவினவன். ஊசி குத்தின அளவு அடையாளம், ரத்தமும் இல்லை. சாப்பிட்டிட்டுத் திரும்ப வேலைக்குப் போயிட்டான். பின்னேரம் விரல் வீங்கிக் கறுத்தது. பெரியாஸ்பத்திரியில வெட்டித் துப்பரவாக்கி விரலைக் காப்பாத்தினவை. இப்பவும் அது முழுக்க மடங்காது. நூறு, இருநூறு பார் அமுக்கத்தில ஒயில் தோலைத் துளைச்சு உள்ளுக்குப் போகும். நோகாட்டியும் உடன ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, “ஹைட்ரோலிக் ஒயில் உள்ளுக்குப் போட்டுது” எண்டு அதே சொல்லில சொல்லுங்கோ. ஒழுக்குப் பார்க்கிறதுக்கு ஒரு காட்போட் மட்டை காணும்.

உரும்பிராய், திரும்பவும்:

கோப்பாய்க்காரர் எழுதினதைப் பெடியனுக்கு வாசிச்சுக் காட்டினன். ஒண்டும் பேசாமல் போய் ஒரு மட்டையை வெட்டி சீற்றுக்குப் பின்னால சொருகி வச்சிருக்கிறான். போத்திலில ஒயில் பிடிச்சு ஜன்னலில வச்சனான், காலமை பார்த்தன், தெளிவாக் கிடக்கு. சுன்னாகம் அண்ணை, அமுக்கமானி எத்தினை பார் வரைக்கும் காட்டுறது வாங்கோணும்?