உங்களை அமுக்குவான் அமுக்கியதுண்டா? அனுபவத்தைச் சொல்லுங்கள்

'பெங்களூர் டிராஃபிக் ஒரே நைட்மேர்' என்று ஆபீசில் தினமும் யாராவது புலம்புவார்கள். கெட்ட கனவு என்றால் நைட்மேர், அவ்வளவுதான் நமக்குத் தெரியும். ஆனால் அதன் பழைய பொருள் கனவே இல்லை. நம் ஊர் அமுக்குவான் பேய்தான் அது. தூங்குகிறவன் நெஞ்சில் ஏறி உட்காரும் பிசாசுக்குப் பழைய ஆங்கிலத்தில் 'மேர்' என்று பெயர். இன்றைய ஆங்கிலத்தில் 'மேர்' என்றால் பெண் குதிரை, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1755-ல் வந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியிலும், இரவில் நெஞ்சின் மேல் பாரம் வைத்தாற்போல் அழுத்தும் கோளாறு என்றே பொருள் போட்டிருக்கிறது. ஓவியர் ஃபியூசெலி 1781-ல் இதே பெயரில் வரைந்த ஓவியத்தைக் கூகுளில் தேடிப் பாருங்கள். மல்லாந்து கிடக்கும் பெண், அவள் நெஞ்சின் மேல் குந்தியிருக்கும் குட்டிப் பிசாசு.

அந்த ஆள் என் வீட்டுக்கும் வந்திருக்கிறான். நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு விடிகாலையில் வந்து மல்லாக்கப் படுத்திருந்தேன். சமையலறையில் மிக்சி ஓடும் சத்தம் கேட்கிறது. அம்மா பால்காரரிடம் கணக்குப் பேசுவதும் கேட்கிறது. கண் திறந்துதான் இருக்கிறது. ஃபேன் காற்றில் படபடக்கும் நாள்காட்டியில் தேதிகூடத் தெரிகிறது. ஆனால் விரலை அசைக்க முடியவில்லை. பீரோ பக்கத்தில் யாரோ நிற்கிறார்கள். முகம் இல்லை, நிற்பது மட்டும் நிச்சயம். நெஞ்சில் பாரம் ஏறுகிறது. 'அம்மா' என்று கத்துகிறேன், தொண்டையிலிருந்து சத்தமே வரவில்லை. திடீரென்று விட்டுவிட்டது. எழுந்தால் வியர்வையில் பனியன் நனைந்திருக்கிறது.

அம்மாவிடம் சொன்னேன். பதறவே இல்லை. "அமுக்குவான்டா, மல்லாக்கப் படுக்காதேன்னா கேக்குறியா?" என்று அரிவாள்மணையைக் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுப் போனார். அடுத்து உங்கள் கதை.

வெள்ளை கோட்:
எனக்கு ஹாஸ்டலில், பரீட்சை நேரத்தில். துப்பட்டாவால் யாரோ கழுத்தை இறுக்குவது போல இருந்தது. பாடத்தில் இதற்கு ஸ்லீப் பராலிசிஸ் என்று பெயர். கனவு வரும் ஆர்.ஈ.எம். தூக்கத்தில், கனவில் ஓடினால் நிஜத்திலும் எழுந்து ஓடிவிடாதபடி, மூளை உடம்பின் தசைகளைக் கட்டிப்போட்டுவிடும். கண்ணும் மூச்சும் மட்டும் வேலை செய்யும். சில நேரம் நாம் விழித்த பிறகும் அந்தக் கட்டு அவிழாது, கனவும் முழுசாகக் கலையாது. பீரோ பக்கத்தில் நின்ற ஆள் அந்த மிச்சக் கனவுதான். சில நொடிகள், மிஞ்சினால் சில நிமிடங்கள். உங்கள் அம்மா சொன்னது சரி, மல்லாந்து படுத்தால் அதிகம் வரும். தூக்கம் கெட்டாலும் வரும். 2011-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பொதுமக்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கும் மாணவர்களில் சுமார் 28 சதவீதம் பேருக்கும் ஒரு முறையாவது வந்திருக்கிறது.

களத்துமேட்டுக்காரன்:
அதெல்லாம் சரி தங்கச்சி. எங்கள் ஊரில் புளியமரத்தடியில் படுத்தால்தான் வரும் என்பார்கள். மரம் ராத்திரியில் விடும் கரியமில வாயுதான் காரணம் என்று வாத்தியார் விளக்கம் வேறு கொடுத்தார். திறந்தவெளியில் அது காற்றோடு போய்விடாதா? மரமே இல்லாத மூன்றாவது மாடியில் என்னை வந்து அமுக்கினானே, அதற்கு என்ன சொல்வார்?

ஒசாகாவிலிருந்து:
இங்கே இதன் பெயர் கனசிபாரி, உலோகத்தால் கட்டிப்போட்டது என்று அர்த்தம். ஆபீசில் என் கதையைச் சொன்னதும், பக்கத்து சீட்டுக்காரர் தன் கதையை எடுத்துவிட்டார். எனக்குக் கைகொடுப்பது ஒரே வழிதான். முழு உடம்பையும் உலுக்க முயன்றால் பயம்தான் கூடும். அதனால் கால் கட்டைவிரல் ஒன்றை மட்டும் அசைக்கப் பார்ப்பேன். அது அசைந்தால் மற்றதெல்லாம் விட்டுவிடும்.

வெள்ளை கோட்:
எப்போதாவது வந்தால் ஆபத்தில்லை. அடிக்கடி வந்து, பகலிலும் அடக்க முடியாமல் தூக்கம் வந்தால், அல்லது சிரிக்கும்போது முழங்கால் துவண்டால், அரிவாள்மணையை நம்பாமல் நரம்பியல் டாக்டரைப் பாருங்கள். அது நார்கோலெப்சி என்ற தூக்கக் கோளாறாக இருக்கலாம். அப்புறம் ஒன்று: அந்த அரிவாள்மணையைக் கட்டிலுக்கடியிலிருந்து எடுத்துவிடுங்கள், இருட்டில் யாராவது காலை வைத்துவிடப் போகிறார்கள்.