ராண்டேவூ, டாக்கிங்: 'சந்திப்பு', 'இணைப்பு' போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

விண்வெளிச் சொற்பட்டியலில் ராண்டேவூவுக்கு, அதாவது சுற்றுப்பாதையில் ஒரு கலம் இன்னொன்றை நெருங்கிக் கூடவே பறப்பதற்கு, 'சந்திப்பு' என்றே இருக்கிறது. அதை மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 1961இல் ககாரின் 108 நிமிடம் பறந்து மீண்டது, மனிதர் விண்வெளிக்குப் போய் உயிரோடு திரும்பலாம் என்று காட்டியது. நிலவுக்கும் விண்நிலையத்துக்கும் வழி திறந்ததோ 1965 டிசம்பர் 15. அன்றுதான் அமெரிக்க விண்கலம் ஜெமினி 6ஏ, ஜெமினி 7-ஐ நெருங்கியது. நிலவிலிருந்து கிளம்பிய அப்பல்லோ இறங்குகலம் தாய்க்கலத்தைப் பிடித்ததும், இன்று நிலையத்துக்குச் சரக்கு போவதும் அந்த வித்தையால்தான். பயன் நின்று நிலைத்ததை வைத்துப் பார்த்தால் எனக்கு இதுவே பெரிய மைல்கல்.

1962 ஆகஸ்டில் சோவியத்தின் வஸ்தோக் 3, 4 கலங்கள் இரண்டும் சுமார் 6.5 கி.மீ. நெருக்கத்தில் வந்தன. ஏவிய நேரம் பொருந்தியதால் அமைந்த நெருக்கம் அது. பாதையை மாற்றிக்கொள்ளும் வசதி அவற்றில் இல்லை, விலகிவிட்டன. 'சந்திப்பு' என்றால் இதுவும் அதில் அடங்கிவிடும். ராண்டேவூவுக்கு இடம் மட்டும் போதாது, வேகமும் திசையும் ஒன்றாக வேண்டும். ஜெமினி 6ஏ சுமார் 30 செ.மீ. வரை நெருங்கி, மணிக்கணக்கில் கூடவே பறந்தது.

1965 ஜூனில் ஜெமினி 4, தன்னை ஏவிய ராக்கெட்டின் இரண்டாம் கட்டத்தை நெருங்கப் பார்த்துத் தோற்றது. முன்னே போகும் இலக்கை நோக்கி உந்தினால் வேகம் கூடும், பாதை உயரும். உயர்ந்த பாதையில் ஒரு சுற்றுக்கு நேரம் அதிகம், ஆகவே கலம் பின்தங்கும். பிடிக்க வேண்டுமானால் முதலில் வேகத்தைக் குறைத்துக் கீழே இறங்க வேண்டும்.

என் பரிந்துரை: 'உடனணைவு'.

---

ஐயா, விளக்கம் அருமை, சொல்லில்தான் தயக்கம். 'அணைதல்' என்றால் தழுவுதல், அதாவது தொட்டாயிற்று. ராண்டேவூ தொடாமலே நிறைவேறுவது. வேகம் ஒத்து அணுகுவதால் 'ஒத்தணுகல்' என்போமா?

டாக்கிங்குக்கும், அதாவது இரு கலங்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்வதற்கும், வெறும் 'இணைப்பு' பற்றாது. 1966 மார்ச் 16இல் ஜெமினி 8, ஆளில்லா இலக்குக் கலமான அஜீனாவுடன் முதன்முதலாக இணைந்தது. ஆனால் 1971 ஏப்ரலில் சோவியத்தின் சோயூஸ் 10 கலம், சல்யூட் 1 விண்நிலையத்தில் கொக்கி மாட்டிய பிறகும் இறுகவில்லை. குழுவினர் நிலையத்துக்குள் நுழையாமலே திரும்பினார்கள். அது இணைந்ததா, இல்லையா? ஒரே சொல்லை வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது.

2025 ஜனவரி 16இல் இஸ்ரோ இரு சிறு கலங்களை இணைத்துப் பார்த்த ஸ்பேடெக்ஸ் சோதனையின் வரிசையைப் பாருங்கள். ஒரு கலம் மற்றதை 15 மீட்டரிலிருந்து 3 மீட்டருக்கு நெருங்கி நின்று, பின் கொக்கியால் பற்றி, உள்ளிழுத்து, ஆடாதபடி இறுக்கியது. கொக்கி பற்றும் நிலைக்குக் 'கொளுவல்' பொருந்தும். கொக்கி மாட்டுவதைக் கொளுவுதல் என்று ஈழத்தில் இன்றும் சொல்கிறார்கள். அடுத்தவை 'உள்ளிழுப்பு', 'இறுக்கம்'. மூன்றும் முடிந்தால்தான் 'பிணைப்பு'. சோயூஸ் 10 கொளுவியது, பிணையவில்லை.

---

'ஒத்தணுகல்' எனக்கும் சம்மதம், 'உடனணைவை' விட்டுவிடுகிறேன். பெர்த்திங்கையும் இதோடு முடித்துவிடுவோம். 2012 மே மாதம் டிராகன் சரக்குக் கலம் பன்னாட்டு விண்நிலையத்தின் அருகே வந்து நின்றது. நிலையத்தின் இயந்திரக் கை அதைப் பிடித்து வாயிலில் பொருத்தியது. கலம் தானே வந்து கொளுவாததால் அதைப் பிணைப்பில் சேர்க்கக் கூடாது. 'கைப்பொருத்தம்' என்று தனியாகப் பதியலாம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இதே இழையில் எழுதுங்கள்.